சாய்ந்து நெய்த சேலை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
அமாவாசை, மத்தியானம்.

அன்பு மகள் சங்கரிக்கு அப்பா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் உன் நலம் எனக்குத் தெரியும், என் நலம் உனக்குத் தெரியாது. அந்த வரியை எழுதினால் முதல் வரியே பொய்யாகிவிடும். அதற்குப் பதிலாகப் போன மாதம் எனக்கு மானம் போன கதையைச் சொல்கிறேன். சிரித்துவிட்டு மீதியைப் படி. சிரிக்கும்போது முதுகு குலுங்காமல் சிரி.

உன் டாக்டர் செய்யச் சொன்ன உடற்பயிற்சி என்று அம்மாவின் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாய் அல்லவா? ஒரு பெண் நாலு காலில் நின்றுகொண்டு பூனை மாதிரி முதுகைத் தூக்குகிறாள், இறக்குகிறாள். "லாயத்துல எல்லாரும் பாக்கறாங்கம்மா, வெக்கமா இருக்குது" என்று நீ அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. மகளோடு சேர்ந்து அப்பனும் வெட்கப்பட்டால் பாரம் பாதியாகும் என்று எனக்கு ஒரு யோசனை. தறிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு காலில் நின்றேன். முதுகை மேலே தூக்கினேன். அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் கோதண்டபாணி உள்ளே வந்துவிட்டார்.

"இன்னா வேணு, எதனா தொலைஞ்சிபோச்சா?" என்று கேட்டார். பூனை ஆசனம் செய்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமாங்க, ஜரிகை சுத்தின கட்டை ஒண்ணு உருண்டுபோச்சு" என்று சொல்லிவிட்டேன். ஜரிகை அவருடையது. பட்டும் ஜரிகையும் அவர் கொடுத்து, நாம் நெய்து தருகிறோம். கேட்டவுடன் அவரும் சட்டையைச் சுருட்டிக்கொண்டு முட்டி போட்டுத் தறிக்கு அடியில் தேட ஆரம்பித்துவிட்டார். அவர் உடம்பு உனக்குத் தெரியும், தேர் மாதிரி. நிலையை விட்டுக் கிளம்பினால் திரும்ப நிலைக்கு வர ஊரே இழுக்க வேண்டும். காபியோடு வந்த அம்மா, இரண்டு ஆம்பளைகள் நாலு காலில் எதிரும் புதிருமாக நிற்பதைப் பார்த்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடிப்போய்ச் சிரித்தாள். கோதண்டபாணியைத் தூக்கி நிறுத்த எதிர்வீட்டு வேல்முருகன் வர வேண்டியதாயிற்று. இன்னும் அவர் அந்தக் கட்டை கிடைத்ததா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். அமாவாசைக்குத் தறி ஓடாது, தூங்கியிருப்பேன்.

அன்று அவர் வந்தது முடிந்த சேலையை வாங்கிப்போகத்தான். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. நீ பொங்கலுக்கு வந்தபோது அந்தப் பாவு நூல் தறியில் ஏறியிருந்தது, ஞாபகம் இருக்கும். பாயில் விரித்து, கரைமேல் கரை வைத்து மடித்தார். சேரவில்லை. பிரித்து மறுபடி மடித்தார். ஒரு கரை கட்டைவிரல் அகலம் நீண்டு வெளியே நின்றது. "இன்னாப்பா இது, ஒரு பக்கம் மட்டும் முன்னால நடந்துக்கினு இருக்குது?" என்றார். "பாய் கோணலா இருக்குதுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. உன் அப்பன் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதினவன். ஆனால் சேலையை இரண்டாம் தடவை நெய்ய வேண்டி வந்ததில்லை.

அப்போது அம்மா சொன்னாள்: "கொஞ்ச மாசமாவே என் பக்கம் சாஞ்சிக்கினுதாங்க நெய்யறாரு. நானும் இந்த வயசுல இன்னா திடீர் ஆசைன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

கோதண்டபாணி வயிறு குலுங்கச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கரை நூல் ஓடுகிற நாடாவைத் தள்ள அவள் என் வலப்பக்கம் ஒட்டித்தானே உட்காருகிறாள். என் தோள் தன்மேல் விழுவது ஆசையால் அல்ல என்று அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. நானே சொல்லட்டும் என்று இருந்திருக்கிறாள்.

ஆமாம் சங்கரி. எனக்கும் முதுகு. இடது இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை யாரோ பாவு இழுத்துக் கட்டின மாதிரி ஒரு வலி. பொங்கலிலிருந்தே இருக்கிறது. இடப்பக்கம் பாரம் வைக்க முடியாமல் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறேன். சாய்ந்தவன் இழுக்கிற பலகை எப்படி நூலை நேராக அடிக்கும்? சொல்லலாம் என்று நினைத்திருந்த சமயத்தில்தான் உன் ஸ்கேன் வந்தது. வீட்டுக்கு ஒரு முதுகு போதும் என்று விட்டுவிட்டேன்.

கோதண்டபாணி போனதும் எனக்கு உன் குதிரை ருஸ்தம் ஞாபகம் வந்தது. நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். சேணம் போட வந்தாலே அவன் காதை மடக்கிக்கொண்டான். இடது பக்கம் திரும்பச் சொன்னால் முரண்டு பிடித்தான். மாட்டு டாக்டர் மாதிரி குதிரை டாக்டர் வந்து (தப்பாகச் சொன்னால் மன்னித்துக்கொள்) முதுகை விரலால் அழுத்தினால் அப்படியே பள்ளமாகக் குழிந்து நெளிந்தான். சேணத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் குறை இல்லை. கடைசியில் உன்னை ஏறச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தால், நீதான் வலிக்குப் பயந்து ஒரே பக்கம் பாரத்தைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாய். உன் லாயத்து மேடத்துக்குத் தெரியவில்லை, கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. நம்மைச் சுமக்கிறவர்களுக்குத்தான் நாம் சாய்வது தெரிகிறது.

அன்று போனில் நீ உன் முதுகுக்காக அழவில்லை, ருஸ்தம் முதுகுக்காக அழுதாய். "நான்தாம்மா அவனுக்கு வலி கொடுத்தேன்" என்றாய். அதைக் கேட்டு அம்மாவும் அழுதாள். நான் அழவில்லை. தொடர்ந்து தும்மினேன்.

சேலை கோணினதுக்கு மறுநாள் அம்மா என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு, இங்கே புதிதாக முதுகு வைத்தியம் பார்க்கிற அனு என்ற பெண்ணிடம் போனாள். பிசியோதெரபி படித்த பெண், உன் வயதுதான் இருக்கும். என் முதுகைக் காட்டினதோடு அம்மாவின் போனிலிருந்த உன் ஸ்கேனையும் காட்டினேன். ஒரு டோக்கனில் இரண்டு முதுகு. இன்னொன்றையும் எடுத்துப்போயிருந்தேன். உனக்கு அனுப்பலாம் என்று நான் தறியில் நெய்து வைத்திருந்த இடுப்புப் பட்டை. கிளிப்பச்சைப் பட்டு, இரண்டு பக்கமும் ஜரிகைக் கரை, உள்ளே மூன்று மடிப்பு. பாவு தொய்ந்தால் இறுக்க வேண்டும், இடுப்பு தொய்ந்தாலும் அதேதான் என்பது என் படிப்பு. அனு அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கல்யாணப் பொண்ணுக்கா அங்கிள்?" என்று கேட்டாள். சிரித்து முடித்துவிட்டுத்தான் விளக்கமாகச் சொன்னாள்.

அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. உனக்கு இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, கடைசி முதுகெலும்பின் பின்பக்கத்தில் கீறல் விழுந்திருக்கிறது. அது ஒருநாள் விழுந்து வந்த உடைசல் இல்லை. குதிரை எட்டு வைக்கிற ஒவ்வொரு தடவையும் அதன் அதிர்ச்சி உன் இடுப்புக்கு வருகிறது. தடை தாண்டும்போதெல்லாம் நீ இடுப்பை உள்வாங்கி வளைக்கிறாய். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் மடித்த காகிதம் மாதிரி அங்கே பலவீனமாகிவிட்டது. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடுமாம். முழுக்கச் சேராவிட்டாலும், வயிற்றுச் சதையும் முதுகுச் சதையும் பலமாகிவிட்டால் நிறையப் பேர் திரும்ப ஏறியிருக்கிறார்களாம். வெளியே கட்டுகிற பட்டை டாக்டர் சொன்னால் கொஞ்ச நாளைக்கு உதவும், ஆனால் நிஜப் பட்டை உள்ளே இருக்கிற சதைதான், அதைத்தான் அந்தப் பூனைப் பயிற்சி நெய்கிறது என்றாள். நெய்கிறது என்று அவள் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

ஊசியைப் பற்றியும் கேட்டேன். உன் மேடம் சொன்னார்களே, வலிக்கு ஒரு ஊசி போட்டுக்கொண்டு இந்தப் போட்டியை மட்டும் ஓட்டிவிடு, அப்புறம் ஓய்வு எடு என்று. அனு சொன்னாள்: "வலி வாட்ச்மேன் மாதிரி அங்கிள். ஊசி போட்டா வாட்ச்மேன் தூங்கிடுவான். திருடன் தூங்க மாட்டான்." இப்போது குதித்தால் அந்த எலும்பு முன்பக்கம் நழுவலாம், நரம்பைப் பிடிக்கலாம். அப்புறம் ஓய்வெல்லாம் போதாது, கத்திதான்.

இன்னொன்று, இதை அப்பன் எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதித்தான் ஆக வேண்டும். காலில் பலம் குறைந்தாலோ, உட்காரும் இடமோ தொடையின் உள்பக்கமோ மரத்துப்போனாலோ, ஒன்றுக்குப் போவதில் மாறுதல் தெரிந்தாலோ, யாரிடமும் யோசனை கேட்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. மற்றதெல்லாம் உன் டாக்டர் சொல்வதுதான் கணக்கு, நான் எழுதுவது பத்தாங்கிளாஸ் வைத்தியம்.

சரி, ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் நீ கேட்டாய். போட்டி வருகிறது, நான் ஏறாவிட்டால் ருஸ்தமைக் கூட வேலை செய்கிற ஜெபகுமாரிடம் கொடுத்துவிடுவார்கள், ஒருதடவை அவன் கைக்குப் போனால் எனக்குத் திரும்பாது, ஊசி போட்டுக்கொண்டு ஏறட்டுமா, வேண்டாமா? "நீ சொல்லுப்பா. நீ இன்னா சொன்னாலும் கேக்கறேன்" என்றாய். நான் என்ன செய்தேன்? "இரும்மா, அம்மா கூப்பிடறா" என்றேன். அம்மா கூப்பிடவில்லை. அவள் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அங்கே வரைக்கும் நடந்துபோய், ஈரக்கையில் போனைத் திணித்துவிட்டு வந்தேன். அம்மா வழக்கம்போல "எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடு" என்றாள். நீ வழக்கம்போல வைத்துவிட்டாய்.

அம்மா வந்துடு என்று சொன்னால் குதிரையை வெறுக்கிறாள் என்று நினைக்காதே. போன வெள்ளிக்கிழமை காமாட்சி அம்மன் கோயில் வாசலில், நீ ருஸ்தம்மேல் உட்கார்ந்திருக்கிற போட்டோவைப் போனில் பூக்காரம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். "இதுல எதும்மா உன் பொண்ணு?" என்று அவள் கேட்க, அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "மேல இருக்கறது" என்றாள்.

உன்னை இறக்குவது எப்போதும் அம்மாவின் வேலையாகத்தான் இருந்திருக்கிறது. வரதர் கோயில் திருவிழாவில் குதிரை ராட்டினம் ஏறினாயே, ஞாபகம் இருக்கிறதா? இறங்கவே மாட்டேன் என்றாய். நானும் ராட்டினக்காரரிடம் இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று என்று சொல்லிக்கொண்டே, உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றி ஓடினேன். கடைசியில் நீ வாந்தி எடுத்தாய். பிறகு நானும் எடுத்தேன். அம்மா வந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள், இறங்கிவிட்டாய். சென்னையில் கல்லூரி படிக்கும்போது என்.சி.சி.யில் குதிரைப் பிரிவு என்று கையெழுத்துக் கேட்டு வந்தாய். பொண்ணுக்குக் குதிரை எதுக்கு, வாகன மண்டபத்து மரக்குதிரை போதாதா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நான் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். பெங்களூர் லாயத்து வேலைக்கும் அப்படித்தான். ஏறு என்று சொல்ல எனக்கு நேரமே ஆவதில்லை.

இப்போது என் சேதி. நான் தறிக்குழியை விட்டு ஏறிவிட்டேன். சில வாரங்களுக்கு உட்காரக் கூடாது என்று அனு சொல்லிவிட்டாள். பாதியில் நிற்கிற பாவை வேல்முருகன் நெய்கிறான். முதல் நாள் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. அவன் உயரம், அதனால் நான் உட்காருகிற பலகைமேல் போட்டிருந்த கோணியை எடுத்து வெளியே வைத்துவிட்டான். தறிச் சத்தமும் வேறு தாளத்தில் கேட்டது. சொந்த வீட்டில் யாரோ வேறு பாஷை பேசுகிற மாதிரி இருந்தது. சர்வதீர்த்தக் குளக்கரை வரை நடந்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தால் அம்மா, "வேலு சாயாம நெய்யுதுங்க" என்று நற்செய்தி சொல்கிறாள். சேலை நேராக வந்தது. கோதண்டபாணி மடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே இவனே இருக்கட்டுமே வேணு" என்று விளையாட்டுக்குச் சொன்னார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்க சாயங்காலம் ஆகிவிட்டது.

அதனால் ஜெபகுமார் விஷயம் எனக்குக் கொஞ்சம் தெரியும் சங்கரி. ருஸ்தம் உனக்குத் திரும்பக் கிடைப்பான் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. என் குழி எனக்குத் திரும்பக் கிடைக்குமா என்றும் தெரியாது. வேறு ஒருவன் தன்மேல் உட்காருவதைக் குதிரை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதும் தெரியாது. தறிக்குக் கவலையில்லை, அதை மட்டும் பார்த்தேன். ஆனால் உன் முதுகு போய்விட்டால், ருஸ்தமே நடந்து நம் தெருவுக்கு வந்து வாசலில் நின்றாலும், நீ அவனுக்குப் புல் போடலாம், ஏற முடியாது.

அந்தக் கோணல் சேலையைக் கடைக்காரர் எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா கட்டிக்கொள்கிறாள். ஒரு பக்கம் தரையைக் கூட்டுகிறது. வேண்டாம் என்றால் கேட்பதில்லை, விசேஷத்துக்கெல்லாம் அதுதான். யாராவது கேட்டால், "எங்க வீட்டுக்காரரு என் மேல சாஞ்சி நெய்தது" என்கிறாள். எனக்குத்தான் தெருவில் தலை காட்ட முடியவில்லை.

கிளிப்பச்சைப் பட்டையை இதோடு கூரியரில் அனுப்புகிறேன். நீ கட்டாதே. ருஸ்தம் நெற்றியில் கட்டு. முதுகு வலித்தவனுக்கு எங்கள் வீட்டு மரியாதை என்று சொல். ஜரிகை கண்ணில் அடித்து மிரண்டால் கழற்றிவிடு, கோபித்துக்கொள்ள மாட்டேன்.

லீவு போட்டுவிட்டு இங்கே வந்தால் தறிக்கும் சுவருக்கும் நடுவில் நம் இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டேன். ஒரே சமயத்தில் நாலு காலில் நிற்கலாம். கோதண்டபாணி வருகிற நாளில் மட்டும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வோம். அங்கேயே இருந்து உடம்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ சொன்னாலும் சரி, அம்மா வந்து சமைத்துப் போடுவாள்.

சைக்கிள் கூட ஒழுங்காக ஓட்டத் தெரியாத ஒருவனுக்குக் குதிரை ஓட்டுகிற மகளைக் கொடுத்த காமாட்சி, உன் முதுகைத் தன் முதுகாக நினைத்துக் காப்பாற்றட்டும். ருஸ்தம் முதுகையும்தான். நூறு வயசுக்கு நிமிர்ந்து உட்கார்ந்திரு.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அப்பா,
வேணுகோபால்.

கையெழுத்துப் போட்டும் பேனாவை மூட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்கு நடந்த தூரம் முழுக்க ஒரு வார்த்தை என் வாயிலேயே இருந்தது. உனக்கு நான் சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தை. அதைச் சொன்னால் உன் குரல் எப்படி மாறுமோ என்று பயந்து விழுங்கிவிட்டேன். திரும்ப நீ ஏறுவதைப் பார்க்க ஆசைப்படுகிறவன்தான் இதை எழுதுகிறேன்.

இறங்கும்மா.